எசக்கியேல் ஹார்ட்: இரண்டு முறை ஜெயித்தவர், இரண்டு முறை வெளியேற்றப்பட்டவர்

1808 பிப்ரவரி 20 அன்று, இன்றைய கியூபெக் மாகாணப் பகுதியில் இருந்த பிரிட்டிஷ் காலனியான லோயர் கனடாவின் சட்டசபை கியூபெக் நகரில் கூடி ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியது. யூத மதத்தைச் சேர்ந்த எசக்கியேல் ஹார்ட் இந்தச் சபையில் இடம் பெறவோ, உட்காரவோ, வாக்களிக்கவோ முடியாது என்பது அதன் சாரம். ஆதரவாக 21 பேர், எதிராக 5 பேர். ஹார்ட் முறையாகத் தேர்தலில் நின்று ஜெயித்தவர். வாக்குகளைப் பற்றி யாரும் புகார் சொல்லவில்லை, லஞ்சக் குற்றச்சாட்டும் இல்லை. அவர் எந்தக் கடவுளை எப்படிக் கும்பிடுகிறார் என்பதுதான் பிரச்சினை.

இந்தச் சம்பவத்தை யூத வெறுப்பின் கதையாக மட்டும் சிலர் சொல்கிறார்கள். கட்சி அரசியல்தான் காரணம், மதம் ஒரு சாக்கு என்று வேறு சிலர் சொல்கிறார்கள். இரண்டையும் பிரித்து வைக்க முடியாது என்பது என் கருத்து. அதை விளக்க ஹார்ட் குடும்பத்தின் கடையிலிருந்தே தொடங்க வேண்டும்.

எசக்கியேலின் அப்பா ஆரோன் ஹார்ட், 1760-இல் பிரிட்டிஷ் படை பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து கனடாவைப் பிடித்தபோது, அந்தப் படைக்குச் சரக்கு கொடுக்கும் வியாபாரியாக வந்தவர். அதற்கு முன்பு யூதர்கள் அங்கே குடியேறவே முடியாது. 1627 முதலே அந்தப் பிரெஞ்சுக் குடியேற்றத்தில் கத்தோலிக்கர்களுக்கு மட்டும்தான் இடம். 1738-இல் எஸ்தர் பிராந்தோ என்ற யூதப் பெண் பையன் வேஷம் போட்டுக்கொண்டு கியூபெக்குக்குக் கப்பலேறி வந்தாள். பிடிபட்ட பிறகு அவளை மதம் மாற்ற முயன்றார்கள். அவள் இணங்கவில்லை. அடுத்த ஆண்டே பிரான்ஸுக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிரிட்டிஷ் வெற்றி அந்தக் கதவைத் திறந்தது, ஆரோன் அதன் வழியாக முதலில் நுழைந்த சிலரில் ஒருவர்.

அவர் குடியேறிய ஊர் த்ருவா ரிவியேர். மாண்ட்ரியலுக்கும் கியூபெக்குக்கும் நடுவே, செயின்ட் லாரன்ஸ் ஆற்றோடு செயின்ட் மோரிஸ் ஆறு கலக்கும் இடம். வடக்குக் காட்டிலிருந்து பழங்குடி மக்கள் கொண்டுவரும் விலங்குத் தோல்கள் அந்த ஆற்று வழியாகத்தான் இறங்கும். அங்கே கடை போட்டவன் கையில் தோல் வியாபாரம் தானாக வந்து சேரும். 1763-இல் ஆரோன் அந்த ஊரின் முதல் போஸ்ட்மாஸ்டரும் ஆனார். தோல் வாங்கினார், மது விற்றார், துணி விற்றார், எல்லாவற்றுக்கும் மேலாகக் கடன் கொடுத்தார்.

அந்தக் கடன்தான் குடும்பத்தின் உயரத்தை மாற்றியது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்து நில முறை அங்கே பிரிட்டிஷார் வந்த பிறகும் தொடர்ந்தது. பெரிய நிலப்பரப்பு ஒரு பிரபுவின் பெயரில் இருக்கும், அதில் பயிர் செய்பவர்கள் அவருக்கு வாரமும் வரியும் கட்ட வேண்டும். நம்மூர் ஜமீன் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். போருக்குப் பிறகு நொடித்துப்போன பிரபுக்கள் ஆரோனிடம் கடன் வாங்கினார்கள். திருப்பிக் கட்ட முடியாதபோது நிலம் கைமாறியது. 1800-இன் கடைசியில் ஆரோன் இறந்தபோது, நதிக்கு அக்கரையில் இருந்த பெகான்கூர் நிலம் எசக்கியேலுக்கு வந்தது. கத்தோலிக்க விவசாயிகள் ஒரு யூதரைத் தங்கள் நிலப்பிரபுவாகப் பார்த்தார்கள். அன்றைய ஐரோப்பாவில் பல இடங்களில் யூதர்கள் நிலம் வைத்துக்கொள்ளவே முடியாது என்பதை நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது புரியும்.

எசக்கியேல் 1770 மே 15 அன்று அதே ஊரில் பிறந்தவர். அண்ணன் மோசஸ், தம்பிகள் பெஞ்சமின், அலெக்ஸாண்டர், கூடவே சகோதரிகள். வீட்டுப் பெண்பிள்ளைகள் ஊரிலிருந்த உர்சுலின் கன்னியாஸ்திரீகளிடம் படித்தார்கள். யூதர்கள் சபையாகக் கூடும் இடம் மாண்ட்ரியலில் இருந்தது, 1768-இல் தொடங்கியது. த்ருவா ரிவியேரில் அவர்கள் கிட்டத்தட்ட தனிக் குடும்பம். 1830-களின் தொடக்கத்தில்கூட லோயர் கனடா முழுவதிலும் யூதர்கள் சுமார் 100 பேர்தான். அதனால் பெண் எடுக்க நியூயார்க்குக்குப் போக வேண்டியிருந்தது. எசக்கியேல் 1794-இல் அங்கேதான் பிரான்சஸ் லாசரஸைத் திருமணம் செய்துகொண்டார். அப்புறம் சகோதரர்களோடு சேர்ந்து ஊரில் ஒரு பீர் ஆலை தொடங்கினார். சில ஆண்டுகளில் அந்தக் கூட்டிலிருந்து விலகி, தன் சொந்த வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

தேர்தல் ஆசை முதலில் வந்தது அண்ணன் மோசஸுக்கு. 1796-இல் அவர் போட்டியிட நினைத்தபோது அப்பா ஆரோன் கடிதம் எழுதி எச்சரித்தார். நீ யூதன் என்பதை வைத்தே உன்னை எதிர்ப்பார்கள், வழக்குப் போட்டாலும் உனக்குச் சாதகமாக ஜூரி கிடைக்காது, சபையிலும் உன் பக்கம் நிற்க ஆளிருக்காது என்பது அந்தக் கடிதத்தின் கருத்து. 36 ஆண்டுகள் அந்த மக்களோடு வியாபாரம் செய்த மனிதருடைய கணிப்பு அது. அவர் இறந்து ஏழு ஆண்டுகளில், இளைய மகன் விஷயத்தில், அப்படியே நடந்தது.

1807-இல் த்ருவா ரிவியேரின் இரண்டு உறுப்பினர்களில் ஒருவரான ஜான் லீஸ் இறந்துபோனதால் இடைத்தேர்தல் வந்தது. எசக்கியேலோடு போட்டியிட்டவர்கள் மூவர்: பக்கத்து இரும்பு உருக்காலையை நடத்திய மாத்யூ பெல், தாமஸ் காஃபின், பியர் வெசினா. ஏப்ரல் 11 அன்று முடிவு வந்தது. மொத்தம் 116 வாக்குகளில் எசக்கியேலுக்கு 59. நான்கு பேர் நின்ற போட்டியில் பாதிக்கு மேல். அன்று சனிக்கிழமை, யூதர்களின் ஓய்வுநாள்.

வாக்காளர்களில் பெரும்பான்மை பிரெஞ்சு பேசும் கத்தோலிக்கர்கள். அவர்கள் ஏன் இவரைத் தேர்ந்தெடுத்தார்கள்? இவர் அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர், அவர்கள் மொழியில் பேசக்கூடியவர், அவர்களுக்குச் சரக்கும் கடனும் கொடுத்தவர். கூடவே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அன்று ரகசிய வாக்கெடுப்பு கிடையாது. அதிகாரி முன் நின்று, எல்லோர் காதிலும் விழும்படி, யாருக்கு ஓட்டு என்று வாயால் சொல்ல வேண்டும். கடன் கொடுத்தவர் வேட்பாளராக நிற்கும்போது கடனாளியின் வாய் எந்தப் பெயரைச் சொல்லும் என்பதை ஊகிக்கலாம். ஆனால் இரும்பாலை வைத்திருந்த பெல்லுக்கும் ஊரில் செல்வாக்கு குறைவில்லை. பணத்தால் மட்டும் கிடைத்த வெற்றி என்று இதை ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. மறு ஆண்டு நடந்தது அதற்குச் சாட்சி. அதைப் பிறகு சொல்கிறேன்.

சபைக் கூட்டம் அப்போது முடியும் தறுவாயில் இருந்ததால், எசக்கியேல் பதவிப் பிரமாணம் எடுத்தது 1808 ஜனவரி 29 அன்றுதான். எபிரேய வேதத்தின் மேல் கை வைத்து, யூத வழக்கப்படி தலையை மூடிக்கொண்டு பிரமாணம் செய்தார். உடனே ஆட்சேபம் கிளம்பியது. அதைச் சபையில் எழுப்பியவர் அட்டர்னி ஜெனரல் ஜொனாதன் சூவெல். ஆங்கிலம் பேசுபவர், புராட்டஸ்டண்ட், அரசின் வழக்கறிஞர். அரசியலில் எசக்கியேல் சேரக்கூடிய பக்கத்து ஆள்! தேர்தலில் தோற்ற காஃபினும் மனு கொடுத்தார். பிரெஞ்சுக் கத்தோலிக்கர்கள் ஒரு யூதரை விரட்டினார்கள் என்று ஒரே வரியில் சொல்பவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

சட்டம் என்ன சொன்னது? அந்தச் சபையை உருவாக்கியது பிரிட்டிஷ் பாராளுமன்றம் 1791-இல் போட்ட அரசியலமைப்புச் சட்டம். உறுப்பினர் எடுக்க வேண்டிய பிரமாணத்தின் வாசகம் அதிலேயே இருந்தது. மன்னருக்கு விசுவாசமாக இருப்பேன், கடவுள் எனக்குத் துணை, அவ்வளவுதான். ‘ஒரு கிறிஸ்தவனின் உண்மையான விசுவாசத்தின் பேரில்’ என்று லண்டன் பாராளுமன்றத்தில் சொல்ல வேண்டியிருந்த சொற்றொடர் அதில் கிடையாது. அந்தச் சொற்கள் விடுபட்டதற்கும் காரணம் உண்டு. மக்கள்தொகையில் பெரும்பான்மை கத்தோலிக்கர்கள். பிரிட்டனில் அன்று கத்தோலிக்கர்கள் பாராளுமன்றத்தில் உட்கார முடியாது. அந்த உரிமை அவர்களுக்கு 1829-இல்தான் கிடைத்தது. கனடாவின் கத்தோலிக்கர்களையும் அப்படி வெளியே நிறுத்தினால் ஆட்சியே நடக்காது என்பதால், 1774-இல் தொடங்கி லண்டன் அங்கே பிரமாணத்தைத் தளர்த்திக்கொண்டே வந்தது. கத்தோலிக்கர்களுக்காகத் தளர்த்தப்பட்ட கதவு அது. சட்டத்தின் எழுத்துப்படி பார்த்தால் யூதருக்கும் அது திறந்தே இருந்தது. எந்தப் புத்தகத்தின் மேல் சத்தியம் செய்ய வேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

அதனால் எதிர்த்தவர்கள் சட்டத்தை விட்டுவிட்டு வழக்கத்தைப் பிடித்துக்கொண்டார்கள். இதுவரை எல்லோரும் சுவிசேஷத்தின் மேல்தான் பிரமாணம் செய்திருக்கிறார்கள், இங்கிலாந்தில் யூதர்கள் சபையில் இல்லை, ஆகவே இங்கேயும் முடியாது என்றார்கள். வழக்கமான முறையிலேயே பிரமாணம் எடுக்கவும் தயார் என்று எசக்கியேல் மனு கொடுத்தும் பயன் இல்லை. 21-க்கு 5 என்ற அந்த வாக்கெடுப்பு அதற்குப் பிறகுதான் நடந்தது.

இப்போது கட்சிக் கணக்குக்கு வருவோம். சபையில் இரண்டு அணிகள். பிரெஞ்சு மக்களின் கனேடியக் கட்சிக்குத்தான் பெரும்பான்மை, தலைவர் பியர் பெதார். எதிரணியில் ஆங்கிலேய வியாபாரிகள், அரசு அதிகாரிகள், ஆளுநரின் ஆதரவாளர்கள். 1805-இல் சிறைச்சாலைகள் கட்டப் பணம் தேவைப்பட்டபோது இந்தப் பிளவு வெளிப்படையாக வெடித்தது. நிலத்துக்கு வரி போடுங்கள் என்றார்கள் வியாபாரிகள். இறக்குமதிச் சரக்குக்கு வரி போட்டது பெரும்பான்மை. வியாபாரிகளின் பத்திரிகைகள் திட்டி எழுதின, எழுதியவர்களைக் கைது செய்யச் சபை உத்தரவிடும் அளவுக்குப் போனது. 50 இடங்கள் கொண்ட சபை, அதில் பல நாட்கள் பாதிப் பேர்கூட வருவதில்லை. ஹார்ட் தீர்மானத்தின்போது வாக்களித்தவர்களே மொத்தம் 26 பேர். அப்படிப்பட்ட இடத்தில் ஒவ்வொரு ஓட்டும் கனமானது. த்ருவா ரிவியேரின் இன்னொரு உறுப்பினர் லூயி ஷார்ல் ஃபூஷே ஒரு நீதிபதி, அரசுத் தரப்பு. ஆளுநரின் சம்பளம் வாங்கும் நீதிபதிகள் சட்டசபையில் உட்காரக்கூடாது என்று அதே காலத்தில்தான் கனேடியக் கட்சி போராடிக்கொண்டிருந்தது. அந்தக் கோரிக்கை நியாயமானது. ஆனால் நீதிபதிகளை வெளியேற்ற மேல்சபை ஒத்துழைக்காமல் சட்டத்தைத் தடுத்துவிட்டது. ஹார்ட்டை வெளியேற்ற யாருடைய சம்மதமும் வேண்டியிருக்கவில்லை, சபையின் தீர்மானமே போதும். எதிரணியிலிருந்து ஒரு ஓட்டைக் கழிக்கக் கிடைத்த எளிய வழி அது.

இந்தக் கணக்கு உண்மை. ஆனால் கணக்கு மட்டும்தான் என்று சொல்லி மதத்தை விட்டுவிட்டால், எதிரணியில் வேறு பல வியாபாரிகளும் அதிகாரிகளும் இருக்க, இந்த ஒருவரை மட்டும் எப்படி வெளியேற்ற முடிந்தது என்ற கேள்விக்குப் பதில் இல்லை. அவர் யூதர் என்பதால்தான் அது முடிந்தது. அரசியல் எதிரியை அடிக்க நினைத்தவர்கள் கையில் மதம் ஆயுதமாகக் கிடைத்தது என்றால், அந்த ஆயுதத்தைப் பல நூற்றாண்டுகளாகத் தீட்டி வைத்திருந்தார்கள் என்றுதான் பொருள். ரோமப் பேரரசன் கலிகுலா தன் குதிரைக்குப் பதவி கொடுத்த கதையோடு ஒப்பிட்டு, யூதரைப் பிரதிநிதியாக்கிய இந்த ஊர் அவனையும் மிஞ்சிவிட்டது என்று அப்போது பிரெஞ்சில் ஒரு கேலிப்பாட்டு உலவியது. வரிக் கொள்கையைப் பற்றிய வாதம் அந்தப் பாட்டில் ஏது?

சரி, ஊர் மக்கள் என்ன செய்தார்கள்? 1808 மே மாதம் பொதுத் தேர்தல் வந்தது. எசக்கியேல் மறுபடி நின்றார். சபை இவரை உட்கார விடாது என்று எல்லோருக்கும் தெரியும். இவருக்குப் போடும் ஓட்டு வீணாகலாம் என்பதும் தெரியும். அப்படியும் ஜோசப் பாதோவோடு இவரையும் தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள். இந்தக் கதையிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். கடனுக்குப் பயந்து ஓட்டுப் போட்டார்கள் என்றால், பயனில்லாத ஓட்டை இரண்டாம் முறையும் போட வேண்டிய கட்டாயம் என்ன? தங்கள் பிரதிநிதி யார் என்பதைத் தாங்கள் தீர்மானிக்க வேண்டும், தலைநகரில் இருப்பவர்கள் தீர்மானிக்கக்கூடாது என்ற பிடிவாதமும் அதில் இருந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

1809 ஏப்ரலில் சபை கூடியபோது எசக்கியேல் சுவிசேஷத்தின் மேலேயே கை வைத்து, மற்ற எல்லோரையும் போலப் பிரமாணம் எடுத்தார். சில நாட்கள் உட்காரவும் செய்தார். முந்தின ஆண்டு சொன்ன காரணம் இப்போது இல்லை. ஆனால் புதுக் காரணம் தயாராக இருந்தது. யூதர் ஒருவர் கிறிஸ்தவ வேதத்தின் மேல் செய்யும் சத்தியம் அவரைக் கட்டுப்படுத்தாது, ஆகவே அது பிரமாணமே இல்லை என்றார்கள். தன் வேதத்தின் மேல் சத்தியம் செய்தால் முறை தவறு, அவர்கள் வேதத்தின் மேல் செய்தால் மனம் பொய். எந்தப் பக்கம் போனாலும் சுவர். மே மாதம் 18-க்கு 8 என்ற கணக்கில் மறுபடி வெளியேற்றப்பட்டார். இந்த முறை அவருக்காகக் கை தூக்கியவர்கள் மூன்று பேர் கூடியிருந்தார்கள்.

ஆளுநர் ஜேம்ஸ் கிரெய்க் கனேடியக் கட்சியைத் துளியும் பொறுக்காத ராணுவக்காரர். மே 15 அன்று, பயனற்ற சச்சரவுகளில் காலத்தை வீணடித்துவிட்டீர்கள் என்று உறுப்பினர்களைக் கடிந்துகொண்டு சபையையே கலைத்துவிட்டார். அதை வைத்து அவரை யூதர்களின் காவலராக நினைத்துவிட வேண்டாம். அவருடைய சண்டை பெதாரோடு. லண்டனின் நிலையும் அப்படித்தான். காலனிகளுக்குப் பொறுப்பான அமைச்சர் காசல்ரே அந்த ஆண்டு எழுதிய பதிலில், உண்மையான யூதர் சுவிசேஷத்தின் மேல் சத்தியம் செய்ய முடியாது, ஆகவே சபையில் உட்கார முடியாது, இதை விசாரிக்கச் சபைக்கு அதிகாரம் உண்டு என்றார். ஆளுநர் தரப்பு, கனேடியத் தரப்பு, லண்டன், மூவரும் மற்ற எல்லாவற்றிலும் மோதிக்கொண்டவர்கள். எசக்கியேலின் உரிமை என்று வந்தபோது ஒருவருக்கும் அது பெரிதாகப் படவில்லை.

அடுத்த ஆண்டே கிரெய்க் கனேடியக் கட்சியின் அச்சகத்தைப் பறிமுதல் செய்து பெதாரையும் கூட்டாளிகளையும் சிறையில் போட்டார். விடுதலையான பெதார் 1812-இன் இறுதியில் நீதிபதியாக நியமிக்கப்பட்டார். எந்த ஊருக்குத் தெரியுமா? த்ருவா ரிவியேருக்கு. எசக்கியேலும் அவரும் அந்தச் சின்ன ஊரில் பல ஆண்டுகள் ஒன்றாக வாழ்ந்தார்கள்.

எசக்கியேல் அதற்குப் பிறகு சபை வாசலை மிதிக்கவில்லை. 1812-இல் அமெரிக்காவோடு போர் வந்தபோது மாகாணத்தின் உள்ளூர்ப் படையில் சேவை செய்தார், பின்னாளில் அதில் கர்னல் அளவுக்கு உயர்ந்தார். மன்னருக்காகத் துப்பாக்கி ஏந்த அவருடைய மதம் தடையாக இருக்கவில்லை. கடையையும் நிலங்களையும் பார்த்துக்கொண்டார், பிள்ளைகளைச் சட்டம் படிக்க வைத்தார்.

வழக்கை மறுபடி எழுப்பியது அடுத்த தலைமுறை. எசக்கியேலின் மகன் சாமுவேல் பெகான்கூர் ஹார்ட், மாஜிஸ்ட்ரேட் பதவிக்குத் தன்னைப் பரிசீலித்தபோது அதே பிரமாணச் சிக்கல் குறுக்கே வந்ததைச் சுட்டிக்காட்டி 1831-இல் சட்டசபைக்கு மனு கொடுத்தார். இப்போது சபையில் சபாநாயகர் லூயி ஜோசப் பப்பினோ. பெரும்பான்மை அதே கட்சியின் வாரிசுகளிடம். ஆனால் காலம் மாறியிருந்தது. அமெரிக்க, பிரெஞ்சு ஜனநாயகக் கருத்துகளை அந்தத் தலைமுறை ஊன்றிப் படித்திருந்தது. பிரிட்டனில் கத்தோலிக்கர்களுக்கு உரிமை கிடைத்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. யூதர்கள் மற்ற எல்லாக் குடிமக்களுக்கும் உள்ள உரிமைகளும் பதவிகளும் பெறத் தகுதியுடையவர்கள் என்ற மசோதா பெரிய எதிர்ப்பில்லாமல் நிறைவேறியது. அரச ஒப்புதல் பெற்று 1832 ஜூன் 5 அன்று அது சட்டமாக அறிவிக்கப்பட்டது. பிரிட்டனிலேயே லயனல் டி ராத்ஸ்சைல்ட் 1847-இல் ஜெயித்தும் 1858 வரை பாராளுமன்றத்துக்குள் உட்கார முடியாமல் காத்திருந்தார் என்பதோடு சேர்த்துப் பார்த்தால் இதன் மதிப்பு தெரியும்.

சட்டம் வந்த பிறகும் பிரமாண வாசகத்தைப் பற்றிய சந்தேகம் தொடர்ந்தது. எசக்கியேலின் தம்பி பெஞ்சமின் உள்பட இரண்டு மாண்ட்ரியல் யூதர்கள், வாசகம் தெளிவாகாமல் மாஜிஸ்ட்ரேட் பதவியை ஏற்க முடியாது என்று மறுத்தார்கள். 1834-இல் சட்டசபைக் குழு ஒன்று அதையும் விசாரித்து, கிறிஸ்தவச் சொற்களை யூதர்கள் விட்டுவிடலாம் என்று தெளிவுபடுத்தியது. மூன்று ஆண்டுகள் கழித்து அதே மாகாணத்தில் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து ஆயுதக் கிளர்ச்சி வெடித்தபோது, பெஞ்சமின் அரசுத் தரப்பு மாஜிஸ்ட்ரேட்டாகக் கிளர்ச்சியாளர்களைக் கடுமையாக எதிர்த்தார். அவருடைய மகன் ஆரோன் பிலிப் ஹார்ட் வழக்கறிஞராகி, ராணுவ நீதிமன்றத்தில் அதே கிளர்ச்சியாளர்களுக்காக வாதாடினார். யூதர்கள் எல்லோரும் ஆங்கிலேயர் பக்கம் என்ற 1808-இன் கணக்கு ஒரே வீட்டுக்குள்ளேயே பொருந்தாமல் போனது.

எசக்கியேல் ஹார்ட் 1843 செப்டம்பர் 16 அன்று த்ருவா ரிவியேரில் இறந்தார். ஊரின் கடைகள் அன்று மூடப்பட்டன, அங்கிருந்த பிரிட்டிஷ் படைப்பிரிவு அவருக்கு இறுதி மரியாதை செலுத்தியது. 1832 சட்டம் கொடுத்த உரிமை ஏட்டில் இருந்தது. கியூபெக் மாகாணச் சட்டசபைக்கு முதல் யூத உறுப்பினர் தேர்ந்தெடுக்கப்பட்டது 1916-இல். அவர் பெயர் பீட்டர் பெர்கோவிச், தொகுதி மாண்ட்ரியலில்.